ஸுல்ஹும் ஜாமீனும்: 1987 இந்திய – இலங்கை ஒப்பந்தம் தரும் பாடம்

 

நம் வாராந்திர வகுப்பில் ஹுஜுராத் அத்தியாயத்தின் 9, 10-ஆம் வசனங்களைப் பார்த்து முடித்தபோது ஒரு கல்லூரி மாணவர் கேள்வி ஒன்று கேட்டார். ஈமான் கொண்ட இரு கூட்டத்தார் சண்டையிட்டால் இடையில் புகுந்து சமாதானம் செய்யச் சொல்லும் வசனங்கள் அவை. "இது குடும்பத்துக்கும் ஊருக்கும் உள்ள சட்டம். ஒரு நாடு பக்கத்து நாட்டுச் சண்டையில் சமாதானம் செய்யப் போனால் அதையும் ஸுல்ஹு என்று சொல்லலாமா ஹஜ்ரத்?" ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டிவிட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வசனங்கள் முஃமின்களைக் குறித்து இறங்கியவை. ஆனால் பகை தீர்த்து வைப்பதன் முறையும் ஒழுங்கும் அவற்றிலிருந்து எல்லோருக்கும் கிடைக்கின்றன. 'ஸுல்ஹு செய்யுங்கள்' என்பதோடு அந்த வசனம் நின்றுவிடவில்லை. மீறுகிற பக்கத்தைத் தடுத்து நிறுத்துவதையும், அது திரும்பி வந்த பிறகு நீதியோடு சேர்த்து வைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. இடையில் நிற்பவருக்கு நல்ல மனம் மட்டும் போதாது, சுமக்கும் சக்தியும் வேண்டும் என்பது இதிலேயே விளங்கும்.

பக்கத்து நாட்டு ஸுல்ஹுக்கு நமக்கு மிக அருகில் இருக்கும் உதாரணம் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான இந்திய – இலங்கை ஒப்பந்தம். பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். இங்கே எம்.ஜி.ஆர். முதலமைச்சர். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த நாட்களின் வானொலிச் செய்திகள் நினைவிருக்கும். இளையவர்களுக்கு இது பாடப் புத்தகத்தில் ஒரு வரி, அதுவும் இருந்தால்தான்.

அந்தக் கையெழுத்துக்கு முன்பே நான்கு ஆண்டு முயற்சி நடந்திருந்தது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் கொல்லப்பட்டு, வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அகதிகள் இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினார்கள். இந்திரா காந்தி ஜி. பார்த்தசாரதியைத் தூது அனுப்பினார். 1985-இல் பூட்டான் நாட்டுத் திம்புவில் இலங்கை அரசையும் தமிழ் இயக்கங்களையும் இந்தியா ஒரே மேசையில் உட்கார வைத்தது. பேச்சு முறிந்தது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அடுத்த எட்டு வாரத்தில் ஒப்பந்தம். ஒரு கையால் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே மறு கையால் போராளிகளுக்குப் பயிற்சியும் கொடுத்த அண்டை நாடு இது என்பதையும் மறைக்கக் கூடாது. தூய நடுவர் என்று இந்தியாவைச் சொல்ல முடியாது. ஆனால் தூய நடுவர் கிடைக்கும்வரை காத்திருந்தால் உலகில் எந்தச் சண்டையும் தீராது.

ஒப்பந்தம் சொன்னவற்றில் முக்கியமானவை இவை. வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தற்காலிகமாக ஒன்றாக இணையும். அந்த இணைப்பு நீடிப்பதா என்பதைக் கிழக்கு மாகாண மக்கள் 1988 டிசம்பர் 31-க்குள் பொது வாக்கெடுப்பில் முடிவு செய்வார்கள், ஆனால் அதை ஒத்திவைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு. 48 மணி நேரத்தில் சண்டை நிற்கும், அதற்குப் பின் 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைப்பார்கள். சிங்களத்தோடு தமிழும் ஆங்கிலமும் ஆட்சி மொழியாகும். இவை எல்லாம் நடக்கும் என்று இந்தியா உத்தரவாதம் அளிக்கும்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஸுல்ஹு செய்து வைக்க வந்தவர் அந்த இடத்தில் ஜாமீன்தாரராக மாறுகிறார்.

மத்ரஸாவில் குதூரி ஓதியவர்களுக்குக் கஃபாலா பாடம் மறந்திருக்காது. ஜாமீன் இரண்டு வகை. ஒன்று பொருளுக்கு: அவன் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்பது. மற்றொன்று ஆளுக்கு: குறித்த நேரத்தில் அவனைக் கொண்டு வந்து நிறுத்துகிறேன் என்பது. இரண்டாவது வகையில், கொண்டு வரச் சக்தியிருந்தும் கொண்டு வராவிட்டால் காழி ஜாமீன் நின்றவரையே அடைத்து வைப்பார். மாணவப் பருவத்தில் இதைப் படித்தபோது கடுமையான சட்டமாகத் தோன்றியது. இலங்கைக் கதையைப் படித்த பிறகு, மனித சுபாவத்தை அறிந்து எழுதிய சட்டம் என்று தோன்றுகிறது.

இந்தியா ஆளுக்கு ஜாமீன் நின்றது. விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். பிரபாகரனை டெல்லிக்கு அழைத்து ஓட்டலில் தங்க வைத்துப் பேசினார்கள். அவர் மனமார ஏற்கவில்லை என்பது ஆகஸ்ட் 4 அன்று யாழ்ப்பாணத்துச் சுதுமலையில் அவர் பேசியபோது எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் பெயருக்குச் சில ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன. செப்டம்பர் 26 அன்று திலீபன் உண்ணாவிரதத்தில் உயிரிழந்தார். அக்டோபர் 10 அன்று, அமைதி காக்கப் போன இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் எனப் பலர் இந்தியப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவு கப்பலேறியபோது சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் உயிரிழந்திருந்தனர். எத்தனை தமிழ்ப் பொதுமக்கள் இறந்தார்கள் என்பதில் கணக்குக்குக் கணக்கு வேறுபாடு இருக்கிறது.

சிங்களப் பக்கத்திலும் மனம் ஒப்பவில்லை. ஊரடங்கு போட்டுத்தான் கொழும்பில் கையெழுத்து நடந்தது. மறுநாள் மரியாதை அணிவகுப்பில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பிரதமராக இருந்த பிரேமதாசாவே ஒப்பந்தத்தை எதிர்த்தார். பின்னர் ஜனாதிபதியானதும் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று 1989-இல் கெடு வைத்தவரும் அவரே.

இரு பக்கமும் மனமார ஒப்பாத ஸுல்ஹு செல்லுமா? இங்கே நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி நூல்கள் ஸுல்ஹை மூன்றாகப் பிரிக்கின்றன: எதிர்த்தரப்பு உரிமையை ஒப்புக்கொண்டு செய்வது, ஒப்பாமலும் மறுக்காமலும் மௌனமாக இருந்து செய்வது, மறுத்துக்கொண்டே செய்வது. நம் மத்ஹபில் மூன்றும் செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில் மறுத்துக்கொண்டே செய்யும் ஸுல்ஹு செல்லாது. மறுப்போடு செய்யும் ஸுல்ஹிலும் வழக்கு நின்று அமைதி கிடைக்கிறது என்பது நம் இமாம்களின் பார்வை. என் கருத்து, மூன்றாம் வகை ஸுல்ஹுக்கு ஆயுள் குறைவு, அதற்குக் காவல் கூடுதலாக வேண்டும். 1987-இல் நடந்தது மூன்றாம் வகை.

இனி நமக்கு மிகவும் வலிக்கும் பகுதிக்கு வருகிறேன்.

கிழக்கு மாகாணத்தில் கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர், மூதூர், கிண்ணியா என்று முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. நெல் விவசாயமும் மீன்பிடியும் வியாபாரமும் அவர்களுடைய தொழில்கள். 1981 குடிமதிப்பின்படி கிழக்கு மாகாணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம்கள், தமிழர் நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல், மீதியில் பெரும்பகுதி சிங்களவர். வடக்கோடு இணைத்துவிட்டால் முஸ்லிம்களின் பங்கு பாதியாகக் குறையும். இணைப்பை அவர்கள் அஞ்சியதற்குத் தமிழ் மேல் வெறுப்பு காரணம் இல்லை. வீட்டில் பேசுவது, குத்பாவுக்கு விளக்கம் சொல்வது எல்லாம் தமிழில்தான். கணக்குதான் காரணம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ இருக்கும் ராவுத்தரிடம் 'நீங்கள் தமிழரா, முஸ்லிமா' என்று கேட்டால் கேள்வியே புரியாது. இலங்கையில் அது பழைய அரசியல் கேள்வி. 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதினார். சட்டசபையில் சோனகருக்குத் தனி இடம் கிடைப்பதைப் பற்றிய விவாதம் நடந்த காலம் அது. 1907-இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். அதனால் அங்கே 'முஸ்லிம்' என்பது மார்க்கத்தின் பெயராக மட்டும் நிற்கவில்லை, தனி இனத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. இது சரியா தவறா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர்களைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

டெல்லிக்கும் அந்தக் கண்ணாடிதான் இருந்தது. ஒப்பந்தத்தின் முகவுரையில் இலங்கையின் நான்கு இனங்களில் ஒன்றாக முஸ்லிம்களின் பெயர் இருக்கிறது. வடகிழக்கில் வாழும் எல்லாச் சமூகங்களின் பாதுகாப்புக்கும் இரு அரசுகளும் ஒத்துழைக்கும் என்ற வாசகமும் இருக்கிறது. ஆனால் வாக்கெடுப்பைக் கண்காணிக்கும் குழுவைப் பாருங்கள்: தலைமை நீதிபதி, இலங்கை அரசு பரிந்துரைக்கும் ஒருவர், கிழக்கின் 'தமிழ் பேசும் மக்களின்' பிரதிநிதிகள் பரிந்துரைக்கும் ஒருவர். 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லுக்குள் முஸ்லிம்களையும் அடக்கிவிட்டார்கள், அவர்களைக் கேட்காமலே. முகவுரையில் பெயர் கிடைத்தது, குழுவில் நாற்காலி கிடைக்கவில்லை.

எம்.எச்.எம். அஷ்ரஃப் 1981-இல் காத்தான்குடியில் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் வளர்ந்ததற்கு இந்த ஒப்பந்தம் பெரிய காரணம். 1988 நவம்பரில் நடந்த வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அக்கட்சி 17 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. புலிகள் புறக்கணித்த தேர்தல் அது. உயிர் பயத்துக்கு நடுவில் வாக்குச் சாவடிக்குப் போன கிழக்கு முஸ்லிம்கள், எங்களுக்கும் ஒரு தரப்பு உண்டு என்று பதிவு செய்தார்கள்.

ஜாமீன்தாரர் 1990 மார்ச்சில் ஊரைவிட்டுப் போனார். ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் மீது புலிகள் சுட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சிறு பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் படுகொலை. அக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, பணம், வீட்டுப் பத்திரம் எல்லாம் அங்கேயே நின்றன. பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். இன்றும் பல குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன.

அதே மாதங்களில் ஊர்க்காவல் படையில் இருந்த முஸ்லிம்கள் சிலரும் சேர்ந்து தமிழ்க் கிராமங்களில் கொலைகள் செய்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. நம் ஆட்கள் பட்டதை மட்டும் சொல்லி அதை விட்டுவிட்டால், சாட்சியை மறைத்தவர்களாவோம்.

இந்தியா தூதராக மட்டும் நின்றிருந்தால் இவை நடந்திருக்காதா? அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அதற்கும் ஒரு சோதனை பின்னால் வந்தது. 2002 பிப்ரவரி 22 அன்று ரணில் விக்ரமசிங்கவும் பிரபாகரனும் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தார்கள். நடுவே நின்றது நார்வே. சூடுபட்ட இந்தியா இம்முறை வெளியே நின்று ஆதரவு தெரிவித்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் 1992 முதல் புலிகள் இந்தியாவில் தடை செய்யப்பட்ட இயக்கம், அதனால் நேரில் பேச வழியும் இல்லை. நார்வே தூதர் எரிக் சொல்ஹைம் டெல்லிக்கு வந்து நிலவரம் சொல்லிப் போவார். அதாவது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்றபடி 'நல்லா பேசி முடிங்க' என்று சொன்னார். முஸ்லிம்களின் நாற்காலி அப்போதும் வரவில்லை. ரவூஃப் ஹக்கீம் ஏப்ரலில் கிளிநொச்சிக்குப் போய்ப் பிரபாகரனோடு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவர் அரசுக் குழுவில் ஒருவராகத்தான் உட்கார முடிந்தது, தனித் தரப்பாக அல்ல. 2008 ஜனவரியில் இலங்கை அரசு அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது.

கூடுதலாகச் சுமந்தபோதும் உடைந்தது, சுமக்காமல் நின்றபோதும் உடைந்தது. இரண்டிலும் பொதுவாக இருந்தது, சொந்த வீடும் வயலும் பணயமாக இருந்த ஒரு கூட்டத்தார் அறைக்கு வெளியே நின்றது.

ஸீராவைப் படிப்பவர்கள் இதை உடனே கவனிப்பார்கள். யஸ்ரிபில் அவ்ஸும் கஸ்ரஜும் புஆஸ் போர் வரை வெட்டிக்கொண்டு, யாருடைய தலைவரை யார் ஏற்பது என்று தெரியாமல் நின்றபோது, வெளியூரிலிருந்து வந்த நபி (ஸல்) அவர்களை ஏற்றார்கள். வெளியாள் நடுவராவதில் இருக்கும் பலம் அது. அங்கே எழுதப்பட்ட மதீனா சாசனத்தில் முஹாஜிர்கள், பனூ அவ்ஃப், பனூ ஸாஇதா, பனுந் நஜ்ஜார் என்று கிளை கிளையாகப் பெயர் வருகிறது. அவர்களோடு உடன்படிக்கையில் இருந்த யூதக் குடும்பங்களும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. 'மற்றவர்கள்' என்று ஒரே சொல்லில் யாரையும் கட்டவில்லை.

ஹுதைபியாவில் தூது போனவர்களில் ஒருவர் புதைல் இப்னு வர்கா. அவர் குறைஷியும் அல்ல, முஹாஜிரும் அல்ல, அக்கம்பக்கத்துக் குஸாஆ கோத்திரத்தவர். ஒப்பந்தம் எழுதும்போது, விரும்பும் கோத்திரம் விரும்பும் தரப்போடு சேரலாம் என்று வழி வைத்தார்கள். குஸாஆ நபியவர்களோடும் பனூ பக்ர் குறைஷிகளோடும் சேர்ந்தார்கள். பின்னர் பனூ பக்ர் குறைஷிகளின் உதவியோடு குஸாஆவைத் தாக்கியபோது, ஒப்பந்தம் முறிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டு, ஹிஜ்ரி 8-இல் மக்கா நோக்கிப் படை புறப்பட்டது. மூன்றாம் தரப்பின் உயிரும் ஒப்பந்தத்தின் உயிரும் ஒன்றாக எண்ணப்பட்டன. காத்தான்குடிக்கு 1990-இல் அப்படி ஒருவர் இல்லை.

இந்தியாவின் அந்தக் கையெழுத்து முழுவதும் வீண் என்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அதன் விளைவாக 1987 நவம்பரில் வந்த 13-ஆவது திருத்தம் இலங்கை அரசியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ் ஆட்சி மொழி ஆனதும், மாகாண சபை என்ற அமைப்பு வந்ததும் அதனால்தான். இணைப்பைப் பற்றிய வாக்கெடுப்பு ஒரு நாளும் நடக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது, 2007-இல் மாகாணங்கள் பிரிந்தன. கிழக்கு சபையின் காலம் 2017-இலும் வடக்கு சபையின் காலம் 2018-இலும் முடிந்த பிறகு தேர்தல் நீண்ட காலமாகத் தள்ளிப் போகிறது. 13-ஐ நிறைவேற்றுங்கள் என்று டெல்லியும் அரசு மாறினாலும் மாறாமல் சொல்லி வருகிறது. பழைய ஜாமீனின் மிச்சக் கடமை என்று இதைச் சொல்லலாம்.

பிறர் போட்ட கையெழுத்தின் கீழ் வாழ்வது நம் பள்ளத்தாக்குக்குப் புதிது அல்ல. நம் வயலுக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர் 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் ஆன 999 ஆண்டு குத்தகையால் வருகிறது. 2011 டிசம்பரில் குமுளிச் சாலை அடைபட்டு, ஏலத்தோட்ட வேலைக்குப் போன நம் பெண்கள் இடுக்கியிலிருந்து பயந்து திரும்பியபோது, இரு பக்கத்துத் தோட்டக் கூலியிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இவ்வளவையும் எழுதியதற்கு நம் அறக்கட்டளையின் வேலையும் ஒரு காரணம். மணமுறிவு, பாகப்பிரிவினை, கடை முன்பணம் என்று சமாதானம் கேட்டு வருகிறவர்கள் கூடிவருகிறார்கள். இரு வீட்டுப் பெரியவர்களும் முத்தவல்லியும் உட்கார்ந்து எழுதி முடிக்கிறோம். மணமுறிவில் அந்தப் பெண்ணிடம் நேரில் கேட்காமல் அவளுடைய அத்தா சொன்னதை எழுதுவதும், பிள்ளை யாரிடம் வளரும் என்பதைக் கடைசி வரியில் சேர்ப்பதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. சீர் நகையைத் திருப்பித் தருவதற்கு மாமாவோ மச்சானோ அவசரத்தில் ஜாமீன் சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து இரு வீட்டுக்கும் பகையாளியாகி நிற்பதையும் பார்க்கிறோம்.

ஆகவே சமாதானப் பத்திரத்தின் படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கலாம் என்று நிர்வாகக் குழுவில் வைத்திருக்கிறேன். முதலாவது, இந்த முடிவால் பாதிக்கப்படுகிறவர்களில் இங்கே வராதவர் யார், அவரிடம் கேட்டது யார், எந்தத் தேதியில் என்பது. இரண்டாவது, ஜாமீன் நிற்பவர் பொருளுக்கா ஆளுக்கா, எவ்வளவுக்கு, எந்த நாள் வரை என்பது. மூன்றாவது, எதிர்த்தரப்பு உரிமையை ஒப்புக்கொண்டாரா, மௌனமா, மறுப்பா என்பது. மறுப்பு என்று எழுதப்பட்ட பத்திரங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து இரு வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் தேவை. பெண்களிடம் கேட்டு எழுதப் பெண்களே வர வேண்டும். ஆலிமாக்களும், கல்லூரி முடித்து வீட்டில் இருக்கும் சகோதரிகளும் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். படிவத்தின் நகல் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன் எழுத்தில் தந்தால் சேர்த்துப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.